கொட்டகை இல்லாத வருஷம்

2020இல் வந்த தமிழ்ப் படங்களில் எனக்குப் பிடித்தவற்றைப் பட்டியல் போடுவது சுலபம். ஐந்து பெயர் தேறும். ஆனால் அந்த வருஷம் படம் என்ற வஸ்து தன் இடத்தை விட்டே பெயர்ந்தது. எங்கே, யாரோடு பார்த்தோம் என்பதைத் தள்ளிவைத்து குணதோஷங்களை மட்டும் பேசினால் பாதி உண்மைதான் கிடைக்கும். ஆகவே இந்தக் குறிப்பு விமர்சனத்தைவிடச் சரித்திரத்தின் பக்கமே அதிகம் சாய்கிறது.

தமிழ் சினிமா இதற்கு முன்பும் தடைப்பட்டிருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும் சென்னையில் பாதி ஊர் காலியாயிற்று. யுத்த காலத்தில் தட்டுப்பட்டது கச்சா பிலிம். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. படங்கள் குறுகின, பாட்டுகள் குறைந்தன, ஏவி.எம். கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேச வைத்து வெளியிட்டதும் இந்தக் காலத்தில்தான், 1944இல். பிலிமுக்குத்தான் பஞ்சம், ஜனத்துக்கு இல்லை. அதே வருஷம் தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. பிறகு 2018இல், டிஜிட்டல் திரையிடலுக்கு வாங்கும் கட்டணத்தை எதிர்த்து மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் தயாரிப்பாளர்கள் புதுப் படம் எதையும் தரவில்லை. அப்போதும் இல்லாமல் போனது படம்தான், கொட்டகை காத்திருந்தது. 2020 இதற்கு நேர் எதிர். படம் இருந்தது, பார்ப்பவனும் இருந்தான், நடுவில் இருந்த கட்டடம் மட்டும் பூட்டிக் கிடந்தது.

வருஷம் வழக்கம்போலவே பிறந்தது. ஜனவரி 9இல் 'தர்பார்', 24இல் மிஷ்கினின் 'சைக்கோ'. பிப்ரவரி 19 இரவு பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளத்தில் 'இந்தியன் 2'க்காக நிறுத்தியிருந்த கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். பருத்திப்பட்டு, ஆவடி, அம்பத்தூர் என்று நீளும் இந்த மேற்குப் புறநகரில் சினிமா அந்த வருஷம் முதலில் ஒரு சாவுச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. மார்ச் 17 முதல் தியேட்டர்கள் அடைக்கப்பட்டன. ஏப்ரல் 9க்கு நாள் குறித்திருந்த 'மாஸ்டர்' அடுத்த வருஷப் பொங்கலுக்குப் போயிற்று.

'பொன்மகள் வந்தாள்' நேராக இணையத்துக்குப் போகிறது என்று ஏப்ரலில் தெரிந்ததும், அதைத் தயாரித்த சூர்யாவின் நிறுவனத்துக்கு இனித் திரை கிடையாது என்று தியேட்டர்காரர்கள் சொன்னார்கள். சண்டை புதிதல்ல. 2013 ஜனவரியில் 'விஸ்வரூப'த்தைத் தியேட்டருக்கு முன்னால் வீட்டுத் தொலைக்காட்சிக்குத் தர கமல்ஹாசன் முயன்றபோதும் இதே கோபம் கிளம்பி அந்த ஏற்பாடு நின்றது. ஏழு வருஷம் கழித்துத் தடுக்க யாருக்கும் வலு இல்லை. 'பொன்மகள் வந்தாள்' மே 29இல் வெளிவந்தது. 'பெண்குயின்' ஜூன் 19இல். அன்றைக்குத்தான் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் மறுபடி முழு ஊரடங்கு தொடங்கியது. நவம்பர் 10ஆம் தேதி பாதி நாற்காலிகளோடு தியேட்டர்கள் திறந்தன. இரண்டு நாள் கழித்து வந்த 'சூரரைப் போற்று' அந்தத் திறந்த கதவுக்குள் நுழையாமல் வீட்டுக்குப் போயிற்று. இந்த இரண்டு நாள் வித்தியாசத்தைத் தமிழ் சினிமாவின் சரித்திரம் எழுதுகிறவர்கள் மறக்கக்கூடாது.

நம் சிறுபத்திரிகை வட்டத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அரை நூற்றாண்டாக இங்கே சொல்லப்பட்டு வரும் புகார் கூட்டத்தைப் பற்றியது. விசில், கைதட்டல், திரைக்குக் காட்டும் சூடம் எல்லாம் ரசனைக்கு விரோதம் என்றும், பிலிம் சொசைட்டி ஹாலில் இருபது பேர் மூச்சுவிடாமல் பார்ப்பதே பார்ப்பது என்றும் நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2020 அந்த வரத்தைக் கொடுத்தது. சத்தம் இல்லை, இடைவேளை இல்லை, பக்கத்து சீட்டுக்காரன் இல்லை. நான் அந்தப் புகாரில் எப்போதும் சேராதவன். கூட்டம் அடங்கி வரும் மௌனம் வேறு. ஆளில்லாததால் வரும் மௌனம் வேறு. முன்னது சம்பாதித்தது. பின்னது சும்மா கிடப்பது. எனக்குப் பிடித்த படங்களைப் பற்றி இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பேச முடிகிறது.

முதலாவது பிரியா கிருஷ்ணஸ்வாமியின் 'பாரம்'. 2018க்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கி, 2020 பிப்ரவரி 21இல்தான் தியேட்டருக்கு வந்தது. இடுப்பெலும்பு முறிந்த ஒரு கிழவர், இரவுக் காவல்காரராக இருந்தவர். அவரைப் பார்த்துக்கொள்வது கஷ்டம் என்று பெற்ற மகனே 'தலைக்கூத்தல்' முறையில் முடித்துவிடுகிறான். படத்தில் யாரும் அரக்கர் இல்லை. செலவு, லீவு, மருத்துவமனை என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கின் விடையாக ஒரு உயிர் போகிறது. நடிப்பில் அங்கங்கே நாடகத்தனம் உண்டு, அதைப் பொருட்படுத்தவில்லை. படம் வந்து ஒரு மாதத்துக்குள் உலகம் முழுவதும் டாக்டர்கள் அதே கணக்கைப் போட வேண்டி வந்தது: இருக்கிற படுக்கை ஒன்று, வயசாளியா சின்னவரா? அந்த வருஷத்தின் கேள்வியை அந்த வருஷம் கேட்குமுன் கேட்ட படம் இது ஒன்றுதான்.

இரண்டாவது விருமாண்டியின் 'க/பெ ரணசிங்கம்', அக்டோபர் 2. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன புருஷன் செத்துப்போகிறான். உடலைக் கொண்டுவர ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறாள். பிரசங்கம் அதிகம், நீளம் அதிகம். ஆனால் ஐஸ்வர்யா ராஜேஷ் மனுவை வைத்துக்கொண்டு நிற்கும் இடங்களில் படம் பிரசங்கத்தை மறந்துவிடுகிறது. அந்த ஏப்ரல் 13இல் நெல்லூரைச் சேர்ந்த ஒரு டாக்டரின் உடலை அம்பத்தூர் மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்து ஜனங்கள் திரண்டு மறித்தார்கள். உடலை எடுத்துக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ஆறு நாள் கழித்து நகரத்துக்குள் இன்னொரு டாக்டருக்கும் இதுவே நடந்தது. உடல் ஒரு உரிமை, அதைப் பெறுவதும் புதைப்பதும் எரிப்பதும் மனிதக் காரியம் என்று சொல்லும் ஒரு படம், மறித்த அந்தத் தெருக்காரர்களும் எடுத்துக்கொண்டு அலைந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டியது. தனித்தனி வீட்டில் அவரவர் நியாயத்தோடு பார்த்தோம். பார்வையாளனைச் சங்கடப்படுத்த ஒரு படத்துக்கு இன்னொரு பார்வையாளன் வேண்டும்.

மூன்றாவது சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று'. ஏர் டெக்கான் கோபிநாத்தின் வாழ்க்கையை வைத்துக் கட்டியது. சாமானியனை ஆகாயத்தில் ஏற்றும் கதை, அவன் தார் ரோட்டில் நடந்த வருஷத்தில் வந்தது. மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானம் எதுவும் பறக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்த வடநாட்டுத் தொழிலாளிகள் மூட்டையோடு ஊர்போக வழி தேடினார்கள். படத்தின் வெற்றிக் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலாளியை முதலாளியே ஜெயித்தால் அது புரட்சி ஆகாது. ஆனால் தகப்பன் சாகக் கிடக்க, டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் மாறன் கையேந்தும் இடம் இருக்கிறது. அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வாசலில் தாய் ஊர்வசி அவனை ஏற்க மறுக்கிறாள். இ-பாஸ் கிடைக்காமல் பெற்றவர் முகம் பார்க்கத் தவறியவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்த வருஷம் அது. எடுத்தபோது இயக்குநருக்குத் தெரிந்திருக்க முடியாத அர்த்தம் அந்தக் காட்சிக்கு வந்துசேர்ந்தது. 2022 ஜூலையில் 2020க்கான சிறந்த இந்தியப் படம் என்று தேசிய விருதும் வாங்கியது.

நான்காவதை வேகமாகச் சொல்லிவிடலாம். விக்னராஜனின் 'அந்தகாரம்', நவம்பர் 24. மறுநாள் நிவர் புயலுக்காகச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள். பழைய காலத்துக் கம்பித் தொலைபேசியின் குரலுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஒருவன், கண் தெரியாத நூலக குமாஸ்தா ஒருவன், இருவரையும் சுற்றி ஒரு பேய்க்கதை. தனியே இருட்டில் பார்ப்பதால் லாபம் அடைந்த படம் என் பட்டியலில் இது மட்டும்தான்.

ஊரடங்கையே பொருளாக்கி அக்டோபரில் வந்த 'புத்தம் புதுக் காலை' என் பட்டியலில் இல்லை. ஐந்து இயக்குநர்கள், ஐந்து சிறுகதைகள், ஏறக்குறைய எல்லாமே பால்கனி உள்ள வீடுகள். அந்த வருஷம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு மே மாதம் திருமழிசை வெட்டவெளிக்குப் பெயர்ந்தது. அந்தச் சேற்றில் மூட்டை தூக்கியவர்களின் ஊரடங்கு எந்தக் கதையிலும் இல்லை. பிரக்ஞை வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

ஐந்தாவது டிசம்பர் 18இல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறனின் 'ஓர் இரவு' மட்டும். சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட கர்ப்பிணி மகளைத் தகப்பன் பிரியமாக ஊருக்கு அழைத்துவந்து விஷம் வைக்கிறான். வீட்டில் இருங்கள், அதுவே பாதுகாப்பு என்று வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீடுதான் கொலைக்களம் என்று வருஷக் கடைசியில் ஒரு படம் சொல்லிற்று. பூட்டிய கதவுக்கு வெளியே தாய் கதறுகிறாள், உள்ளே மகள் சாகிறாள். வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்கு என் வீட்டுச் சுவர்மீதே ஒரு சந்தேகம் வந்தது.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். கா. சிவத்தம்பி 1981இல் தமிழ் சினிமாவின் அரசியல் பற்றி எழுதிய சிறுநூலில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகை. அங்கே உட்காரும் வரிசையைத் தீர்மானித்தது பிறப்பல்ல, டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு. அதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு, ஆனால் அது வேறு ஜாதி ஏற்றத்தாழ்வு. இப்போது அந்தக் கூரை போய்விட்டால் என்ன ஆகும்? 'ரணசிங்க'த்துக்கு இணையத்தில் வைத்த விலை 199 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு நாலு டிக்கெட் எடுப்பதைவிடக் குறைவுதான், கணக்கில் தவறில்லை. ஆனால் கொட்டகையின் துவாரத்துக்குள் கையை விட்டு நோட்டைக் கொடுத்தவனிடம் யாரும் கணக்கு எண் கேட்டதில்லை. 2020 ஏப்ரல் முதல் மூன்று மாதம் ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வந்தது. வங்கி வாசலில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் அவர்கள் வெயிலில் நின்றதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவன் நான். பலருக்கு அட்டை கிடையாது. இருந்தாலும் ரகசிய எண் தெரியாது. போன் வீட்டு ஆண்பிள்ளையின் சட்டைப்பையில். ரணசிங்கத்தின் மனைவி அந்த வரிசையில்தான் நின்றிருப்பாள். அவள் கதைக்குப் பார்வையாளராக அவளைச் சேர்க்க அந்த விஞ்ஞானத்தில் வழி இல்லை.

அந்த வருஷத்தில் தண்டையார்பேட்டை அகஸ்தியா நிரந்தரமாக மூடியது. 1967இல் திறந்தது. வடபழனி ஏவி.எம். ராஜேஸ்வரியும் போயிற்று. இப்படிப்பட்ட ஒற்றைத் திரைக் கொட்டகைகளில்தான் ஆலை ஷிப்டு முடிந்தவர்கள் இரண்டாம் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரி 13இல் 'மாஸ்டர்' வந்தபோது ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அப்படியும் ஜனங்கள் வந்தார்கள். அந்தப் படத்தின் தரம் எனக்கு ஒரு பொருட்டல்ல. வந்தார்கள் என்பதே செய்தி.

2020க்கான அதே விருதுப் பட்டியலில் சிறந்த தமிழ்ப் படம் வஸந்தின் 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்'. அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் மூவரின் கதைகள், நம் பத்திரிகைகளின் சொந்தக்காரர்கள். மூன்று வெவ்வேறு காலம், மூன்று பெண்கள், மூன்று வீடுகள். நோய் வருமுன்னரே அவர்களுக்கு ஊரடங்கு இருந்தது. டயரி எழுதினாலும் குற்றம், எதிர்த்துக் கை ஓங்கினாலும் குற்றம். படம் 2021 நவம்பரில் இணையத்தில் வந்தது. தியேட்டர் அதற்கு இடம் தந்திருக்காது என்பார்கள், அது நிஜம்தான். ஆனால் இந்தப் பெண்களைப் போன்றவர்களுக்கு இரண்டு தலைமுறையாக வீட்டில் கேள்வி கேட்காமல் அனுமதித்த வெளியூர்ப் பிரயாணம் கோயிலை விட்டால் சினிமா ஒன்றுதான். புடவை மாற்றிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் சமையலறைக்கு வெளியே. படம் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டதை வசதி என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் பார்க்கிறார்கள்.