பிடியும் தூரமும்: மின்காரின் டயரும் குளிரும்

மின்காரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் எழும் வினா, ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதே. மின்கலத்தின் கொள்ளளவைச் சொல்லி விடையை முடித்துக்கொள்வது நம் வழக்கம். ஆனால் அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பவற்றுள் இரண்டு, மின்கலத்துக்கு வெளியே இருக்கின்றன. ஒன்று, சாலையைத் தொடும் ரப்பர். மற்றொன்று, சூழ்ந்திருக்கும் காற்றின் குளிர். இவ்விரண்டோடும் மின்கார் நடத்திவரும் வழக்கு நூறாண்டுக்கும் மேற்பட்டது. அவ்வழக்கின் முக்கியக் கட்டங்களை இங்கே நினைவுகூர்வோம்.

1899 ஏப்ரல் 29 அன்று பாரிசுக்கு அருகிலுள்ள ஆஷேர் என்னும் இடத்தில், பெல்ஜியம் நாட்டவரான காமிய் ஜெனாட்சி தாம் வடிவமைத்த மின்காரை மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். சாலை ஊர்தி ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது அதுவே முதன்முறை. மிஷெலின் நிறுவனத்தின் காற்றடைத்த டயர்கள் அவ்வண்டியைத் தாங்கின. அன்றைய நகரத்து மின்கார்கள் பலவோ காற்றில்லாத திண்ம ரப்பர் டயர்களிலேயே ஓடின. வழியில் பஞ்சராகி நிற்பதைவிடச் சற்றுக் குலுங்கிச் செல்வது மேல் எனப் பலர் எண்ணினர்.

அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருந்தது. உருளும் டயர் சாலையைத் தொடுமிடத்தில் நசுங்கி, விலகியதும் பழைய வடிவுக்கு மீள்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிக் காற்றில் கரைகிறது. பெட்ரோல் காரில் இவ்விழப்பு எளிதில் கண்ணுக்குப் படாது. எரிபொருளின் பெரும்பகுதியை எஞ்சினே வீணாக்கிவிடுகிறது. செல்வர் வீட்டில் சிந்திய அரிசியை யார் எண்ணப்போகிறார்கள்? மின்காரோ அளந்து உலையில் இடும் வீடு. அங்கே ஒவ்வொரு மணிக்கும் கணக்குண்டு.

எனவே டயரின் உள்ளமைப்பைப் பற்றி மின்கார் உலகம் முன்னதாகவே கவலைப்பட்டதில் வியப்பில்லை. அக்காலத்து டயர்களின் உள்ளே இருந்தது நெய்த கித்தான் துணி. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நூல்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒன்றோடொன்று உரசிச் சூடேறின. ஜான் பால்மர் என்னும் அமெரிக்கரின் வழியில், நூல்களைப் பின்னாமல் இணையாக அடுக்கி ரப்பரில் பதித்தபோது அவ்வுரசல் குறைந்தது. 'கார்டு' டயர் எனப்பட்ட இதனை மின்கார் உலகம் ஆவலோடு ஏற்றது. மின்கலத்தைத் தொடாமலே தூரத்தைக் கூட்டும் வழி அல்லவா அது!

அமெரிக்காவின் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார், ஒரு சோதனையில் ஒரே மின்னேற்றத்தில் 211.3 மைல், அதாவது 340 கிலோமீட்டர் ஓடியது. அன்றாடப் பயன்பாட்டுக்கு அந்நிறுவனம் சொன்ன தூரம் ஏறத்தாழ 80 மைல்தான். சோதனைத் தூரமும் சாலைத் தூரமும் வேறு வேறு என்னும் பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

இனிக் குளிருக்கு வருவோம். தொடக்கத்தில் குளிர்காலம் மின்காருக்கு ஒருவகையில் துணைநின்றது எனலாம். உறைகுளிரில் பெட்ரோல் எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றி உயிர்ப்பிப்பது கடினம். மின்காரோ உடனே நகரும். 1912இல் காடிலாக் கார்களில் மின் தொடக்கி வந்தபின் அச்சிறப்பு மங்கியது. எஞ்சியது குறைபாடு மட்டுமே. குளிரில் மின்கலத்தினுள் வேதிவினை மந்தமாகிறது, உள்தடை உயர்கிறது. எடிசன் உருவாக்கிய நிக்கல்-இரும்பு மின்கலம் நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்றது. ஆயினும் குளிரில் அது துவண்டுவிடும்.

மற்றொரு முரணும் உண்டு. பெட்ரோல் கார் வீணாக்கும் வெப்பமே குளிர்காலத்தில் பயணியைக் காக்கிறது. மின்காரில் அப்படி வீணாகும் வெப்பம் குறைவு. பயணியைச் சூடாக வைத்திருக்க மின்கலத்திலிருந்தே எடுத்தாக வேண்டும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் ஐந்து மின்கார்களைச் சோதித்தது. உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 7 செல்சியஸ் பாகையில், சூடேற்றி இயங்காதபோது சராசரியாக 12 சதவீதத் தூரம் குறைந்தது. இயங்கியபோது 41 சதவீதம். இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட வெளிதான் மனித உடல் கேட்கும் வெப்பத்தின் விலை.

1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட 'ஈவி1' இரு சிக்கல்களையும் ஒருசேர எதிர்கொண்டது. எளிதில் உருளும் தனி வகை மிஷெலின் டயர்கள் அதற்கு வாய்த்தன. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இறைத்துத் தரும் வெப்ப எக்கியும் அதில் இருந்தது. எனினும் அது முதலில் வாடகைக்குக் கிடைத்த இடங்கள் கலிபோர்னியாவும் அரிசோனாவும். குளிரோடு நேருக்கு நேர் மோதும் தேர்வு வேறொரு நாட்டுக்குக் காத்திருந்தது.

அந்நாடு நார்வே. 1989இல் 'அ-ஹா' இசைக்குழுவின் மார்ட்டன் ஹார்க்கெட்டும் சூழலியலாளர் ஃபிரடெரிக் ஹாகேயும் மின்காராக மாற்றப்பட்ட ஒரு ஃபியட் பாண்டாவில் சுங்கம் செலுத்தாமல் சென்று வழக்கைக் கிளப்பினார்கள். வரிவிலக்குகளும் சுங்கவிலக்கும் பின்தொடர்ந்தன. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்கார்கள். குளிர்நாட்டில் மின்கார் வாழாது என்ற வாதத்துக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

ஆனால் பழைய வழக்கு அங்கே தீர்ந்துவிடவில்லை, கூர்மையடைந்தது. பின்லாந்தின் நோக்கியா நகரத்து ரப்பர் ஆலை 1934இல் லாரிகளுக்கும், 1936இல் கார்களுக்கும் பனிக்கால டயரை உருவாக்கியது. அதன் வழித்தோன்றல்களே இன்று வடநாடுகளில் ஓடுகின்றன. அவற்றின் ரப்பர் கடுங்குளிரிலும் இறுகுவதில்லை. மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் நிறைந்திருக்கும். பனியைக் கவ்வுவதற்கான அந்நெகிழ்வே ஆற்றலையும் உண்கிறது. 1992இல் மிஷெலின் சிலிக்காவைக் கலந்து செய்த டயர், உருளும் தடைக்கும் ஈரப்பிடிக்கும் இடையிலான பூசலைத் தணித்தது. தணித்ததே அன்றி ஒழிக்கவில்லை.

போதாக்குறைக்குக் குளிர் காற்றையும் சுருக்குகிறது. 20 பாகை வெப்பத்தில் 33 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு நிரப்பிய டயர், உறைநிலைக்குக் கீழ் 10 பாகையில் ஏறத்தாழ 28க்கு இறங்கிவிடும். அழுத்தம் தளர்ந்த டயர் மேலும் நசுங்கும், மேலும் சூடேறும். வெளியே காற்றின் அடர்த்தியோ பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கும். மின்கலத்தில் குறையேதும் இல்லாதபோதே இவையெல்லாம் நிகழ்கின்றன.

இங்கே வாசகர் ஒரு கேள்வியை எழுப்பலாம். தூரம் குறைகிறதென்றால், எளிதில் உருளும் கோடைக்கால டயரிலேயே பனிக்காலத்தையும் கடத்தலாகாதா? கோடை ரப்பர் குளிரில் இறுகும். பனிச்சாலையில் நிறுத்தும் தூரம் நீளும். மின்கலத்தின் எடையால் கனத்த ஊர்தி அத்தகைய டயரில் வழுக்கினால், மிச்சம்பிடித்த கிலோமீட்டர்கள் எவரையும் காப்பாற்றா.

அன்று திண்ம ரப்பரைத் தேர்ந்தவர்கள் தூரத்தைக் கொடுத்து நிம்மதியை வாங்கினார்கள். இன்று பனிக்கால டயரை மாட்டும் ஆஸ்லோக்காரர் தூரத்தைக் கொடுத்து உயிர்க்காப்பை வாங்குகிறார். காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதும், மின்னிணைப்பில் இருக்கும்போதே காரைச் சூடேற்றி வைப்பதும், வெப்ப எக்கியும் இழப்பின் ஒரு பகுதியை மீட்டுத் தரும். எஞ்சிய இழப்பைக் குறைபாட்டுக் கணக்கில் எழுதுவதைவிட, சாலையின் மேல் நமக்குள்ள பிடிக்கு நாம் செலுத்தும் வாடகை என்று எழுதுவதே பொருத்தம்.