சாக்லேட் பாலில் கலந்தது

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இன்று ஒரு கல்லூரி இருக்கும் வளாகத்தில் முன்பு வில்லோபுரூக் அரசுப் பள்ளி இருந்தது. பெயர்தான் பள்ளி. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பெற்றோர் கொண்டுவந்து விட்டுச் செல்லும் காப்பகம் அது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவமனையாக இயங்கிய கட்டடங்களை 1947இல் இந்தப் பிள்ளைகளுக்காகத் திறந்தார்கள். 4,000 பேருக்கான இடத்தில் 1960களின் நடுவில் சுமார் 6,000 பேர் அடைந்து கிடந்தார்கள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆள் நுழைய வழியில்லை. தானாகக் கழிப்பறைக்குப் போகத் தெரியாத பிள்ளைகள் ஏராளம். கால் கை கழுவிவிட ஆட்கள் போதாது. மலத்திலிருந்து வாய்க்குப் போகும் ஒரு கிருமிக்கு இதைவிடத் தோதான இடம் வேறு கிடைக்காது. 1949லேயே அங்கே மஞ்சள் காமாலை தலைகாட்டியது. பிறகு அது போகவே இல்லை.

கண்ணும் தோலும் மஞ்சளித்தால் காமாலை என்று நம் ஊரில் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அன்றைய மருத்துவர்களும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தார்கள். தண்ணீர், உணவு வழியாகப் பரவுவது ஒன்று, ஊசியாலும் ரத்தத்தாலும் வருவது இன்னொன்று என்று அனுபவத்தில் தெரிந்திருந்தது. 1947இல் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கல்லம் முதலாவதை ஹெபடைட்டிஸ் ஏ என்றும், இரண்டாவதை பி என்றும் அழைத்தார். ஆனால் இரண்டு வைரஸ்களில் எதையும் எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. விலங்குகளில் ஏற்றிப் பார்த்ததும் பலிக்கவில்லை. மிஞ்சியது மனித உடம்பு. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த அமெரிக்க இளைஞர்கள் சிலர் போர்க்காலத்தில் இத்தகைய சோதனைகளுக்குத் தங்களை ஒப்படைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சரி என்று சொல்லவும், மாட்டேன் என்று மறுக்கவும் வாய் இருந்தது.

வில்லோபுரூக் பிள்ளைகளுக்கு அது இல்லை.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் சால் குருக்மன் 1956இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார். ராணுவத்தின் நோய்த்தொற்று வாரியம் பணம் கொடுத்தது. காமாலை கண்ட பிள்ளைகளின் மலத்தைக் கரைத்து, தெளியவைத்து, சாக்லேட் பாலில் கலந்து, நோயில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். குடித்த பிள்ளைக்கு அது வெறும் இனிப்புப் பால். பிறகு வாரக்கணக்கில் காத்திருந்து ரத்தமும் மலமும் எடுத்துப் பார்த்தார்கள். எப்படியும் இந்தப் பிள்ளைகளுக்கு இங்கே காமாலை வரத்தான் போகிறது, தனி விடுதியில் நல்ல கவனிப்பில் வந்துவிட்டுப் போகட்டுமே என்பது குருக்மன் தரப்பு நியாயம். பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கினார்கள்.

கிடைத்த விடைகள் பெரியவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கண் மஞ்சளிப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. நோய் வெளியே தெரியும்போது அது அடுத்த ஆளுக்குத் தொற்றி முடிந்திருக்கும். நோய் கண்டவர்களைத் தனியே படுக்க வைத்தும் காமாலை ஏன் அடங்கவில்லை என்பதற்கு அதுவே பதில். எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் ஊசி தரும் பாதுகாப்பின் அளவும் தெரிந்தது. 1967இல் வந்த கட்டுரை எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரே சிறுவனுக்கு இரண்டு முறை காமாலை வந்தது. முதல் முறை அவன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்துக்கு எம்.எஸ்.-1 என்றும், இரண்டாம் முறை எடுத்ததற்கு எம்.எஸ்.-2 என்றும் பெயரிட்டார்கள். முதலாவதை ஏற்றினால் ஒரு மாதத்தை ஒட்டி நோய் வந்தது. இரண்டாவதுக்கு அதைவிட நெடுநாள் பிடித்தது. ஒன்று வந்து போனது மற்றது வராமல் தடுக்கவில்லை. ஏ வேறு, பி வேறு என்பது உறுதியானது.

ஆனால் பெற்றோர் போட்ட அந்தக் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல மனம் வரவில்லை. 1964 இறுதியில் இடமில்லை என்று பள்ளி புதுச் சேர்க்கையை நிறுத்தியது. ஆய்வு விடுதியில் மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், வேறு போக்கிடமும் இல்லாமல் நின்ற தாய் எந்தத் தாளில்தான் கையெழுத்திட மறுப்பாள்? 1966இல் ஹார்வர்டு மருத்துவர் ஹென்றி பீச்சர் நெறி பிறழ்ந்தவை என்று சொல்லி 22 ஆய்வுகளைப் பட்டியலிட்டபோது வில்லோபுரூக்கும் அதில் இருந்தது. 1971இல் லான்செட் மருத்துவ இதழில் மருத்துவர் ஸ்டீபன் கோல்ட்பி ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகளுக்குக் காமாலை வரும் சூழல் இருந்தால் அந்தச் சூழலை மாற்றுவதல்லவா மருத்துவரின் வேலை என்ற அவருடைய கேள்வியில் நியாயம் இருப்பதாக இதழாசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள். கழிப்பறையும் சோப்பும் ஆட்களும் கேட்டுப் போராடியிருக்க வேண்டிய இடம் அது.

எம்.எஸ்.-1 அங்கேயே நின்றுவிடவில்லை. அதை இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் சிறையில் கைதிகளுக்குக் கொடுத்து நோய் வரவழைத்தார்கள். அவர்களிடமிருந்து சேகரித்துப் பாதுகாத்த மலம், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபைன்ஸ்டோன், கபிகியன், பர்செல் மூவரின் கைக்கு வந்தது. நோயிலிருந்து தேறியவரின் சீரத்தை அதில் சேர்த்தால், எதிர்ப்பொருள் ஒட்டி வைரஸ்கள் கொத்துக் கொத்தாகத் திரளும். அப்படித் திரண்டதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 27 நானோமீட்டர் குறுக்களவில் சின்னச் சின்ன உருண்டைகள். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸை உலகம் முதன்முதலில் கண்டது 1973இல், அந்தப் படத்தில்தான்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. 1979இல் ப்ராவோஸ்ட், ஹில்மன் இருவரும் வைரஸைச் செல் வளர்ப்பில் வளர்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் தடுப்பூசி வந்தது. இதற்கிடையே 1972இல் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஹெரால்டோ ரிவேரா கேமராவுடன் வில்லோபுரூக் கூடங்களுக்குள் புகுந்து, உடையில்லாமல் தரையில் கிடந்த பிள்ளைகளை நாட்டுக்குக் காட்டினார். 1974இல் மனிதர்கள்மீதான ஆய்வுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. 1983இல் குருக்மனுக்கு மருத்துவத் துறையின் பெரிய விருதான லாஸ்கர் விருது கிடைத்தது. 1995இல் இறக்கும்வரை தான் செய்தது சரி என்றே அவர் சொல்லிவந்தார். காப்பகம் 1987இல் மூடப்பட்டது. எம்.எஸ்.-1 என்ற குறியீடு இன்றும் வைரஸ் நூல்களில் இருக்கிறது. அந்தச் சீரம் யாருடைய கையிலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்தச் சிறுவனைப் பற்றி அதிகம் பேசுவார் இல்லை.