மறுநிரப்புத் தோட்டா (கைத்துப்பாக்கிப் போட்டிகளில்)

சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புதிய பிரைமர் (தீமூட்டும் சிமிழ்), வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை இட்டு மீண்டும் தோட்டாவாக்குவது மறுநிரப்பல் எனப்படும். செலவைக் குறைக்கத் தோன்றிய இப்பழக்கம், கைத்துப்பாக்கிப் போட்டியாளரிடையே தத்தம் துப்பாக்கிக்கும் போட்டி விதிக்கும் பொருந்தும் குண்டையும் மருந்தையும் தேர்ந்தெடுக்கும் கலையாக வளர்ந்தது. இதன் பதிவுகளில் பெரும்பகுதி அமெரிக்காவைச் சார்ந்தது. குண்டும் மருந்தும் கிரெயின் கணக்கில் நிறுக்கப்படுகின்றன. 7000 கிரெயின் ஒரு பவுண்டு, ஒரு கிரெயின் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம்.

தொடக்கம்

அடிநடுவில் பிரைமர் பொருந்திய உலோகக் கூடுகள் 1860களில் பரவின. அமெரிக்கரான ஹைரம் பெர்டன், ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர் ஆகிய இருவரும் தனித்தனியே பிரைமர் அமைப்புகளை உருவாக்கினர். பாக்ஸர் வகைக் கூட்டில் தீத்துளை ஒன்றே, அதுவும் நடுவில். மெல்லிய ஊசியொன்றால் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டன் வகையில் அது எளிதன்று. ஆங்கிலேயரின் அமைப்பு அமெரிக்காவிலும், அமெரிக்கரின் அமைப்பு ஐரோப்பாவின் பல நாடுகளிலும் நிலைத்தது வரலாற்றின் வேடிக்கை. அமெரிக்காவில் மறுநிரப்பல் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கரும்பொடிக் காலத்தில் மருந்தைத் தேர்ந்தெடுக்க அதிக இடமில்லை. கூடு கொண்டமட்டும் நிரப்புவதே வழக்கம். 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் கொறடு வடிவக் கருவிகளையும் குண்டு வார்க்கும் அச்சுகளையும் விற்றது. அதன் கையேடுகள் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டின.

புகையற்ற மருந்து

1884இல் பிரான்சின் போல் வியெய் உருவாக்கிய புகையற்ற மருந்து நீண்ட குழல் கொண்ட ரைபிளுக்கானது. கைத்துப்பாக்கியின் குறுங்குழலுக்கு விரைந்து எரியும் மருந்து தேவைப்பட்டது. லாஃப்லின் அண்ட் ரேண்ட் நிறுவனம் 1898இல் வெளியிட்ட ‘புல்ஸ்ஐ’ அத்தகையது. நைட்ரோசெல்லுலோஸுடன் நைட்ரோகிளிசரினும் சேர்ந்த இரட்டை அடிப்படை மருந்து இது. வேறு மருந்துகளைச் சலித்தபோது எஞ்சிய நுண்துகளிலிருந்தே இது பிறந்தது என்றொரு செய்தி வழங்குகிறது. அதை ஐயமின்றி ஏற்க இயலவில்லை. நிறுவனம் டூபாண்ட் வசமாகி, 1912ஆம் ஆண்டின் ஏகபோக எதிர்ப்பு வழக்கால் டூபாண்ட் பிரிக்கப்பட்டபோது, இம்மருந்து ஹெர்குலிஸ் நிறுவனத்துக்குப் போனது. 1990களின் நடுவில் அது அலையண்ட் நிறுவனத்தின் வசமாயிற்று. உரிமையாளர் மாறினும் மருந்தின் பெயர் மாறவில்லை.

இலக்கட்டைப் போட்டிகளின் காலம்

ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையிலுள்ள கேம்ப் பெரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. அங்கு நிலைபெற்ற 2700 புள்ளிப் போட்டியில் ஒரு கையால் மட்டுமே சுட வேண்டும். 50 கஜத்தில் 10 குண்டுகளுக்கு 10 நிமிடம். 25 கஜத்தில் ஐந்து குண்டுகளுக்கு முதலில் 20 விநாடி, பிறகு 10 விநாடி. .22, நடுவெடி (அடிநடுவில் பிரைமர் கொண்டது), .45 என மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 900 புள்ளிகள். 

உருண்டை முனைக் குண்டு அட்டையைக் கிழித்துச் செல்கிறது. துளையின் விளிம்பு எந்தக் கோட்டைத் தொட்டது என்பதில் சச்சரவு எழும். தட்டை முனை கொண்ட ‘வாட்கட்டர்’ குண்டு, அலுவலகத் துளைப்பான்போல் வட்டமாக வெட்டும். .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு 148 கிரெயின் வாட்கட்டர் வழக்கமானது. அதில் ஒருவகை, மென்ஈயத்தால் ஆனது, அடிப்புறம் குடைவானது; மருந்தின் அழுத்தத்தில் அடி விரிந்து குழலோடு பொருந்தும். அழுத்தம் மிகுந்தால் பாவாடை போன்ற அந்த அடிப்புறம் கிழிந்து குழலிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டு. ஆகவே மிதமான அளவே அதற்கு ஏற்றது.

.45 ஏசிபி துப்பாக்கிக்கு வேறு சிக்கல். தோட்டா, மேகசினிலிருந்து தானே ஏறி அறைக்குள் நுழைய வேண்டும். தட்டை முனை இடறும். ஒடுங்கிய மூக்கும் அதன் அடியில் கூரிய தோளும் கொண்ட அரை வாட்கட்டர் இதற்கு விடையாயிற்று. ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் நிறுவனத்தின் 68ஆம் எண் அச்சில் வார்த்த 200 கிரெயின் குண்டு, பிற்கால நிறுவனங்கள் பலவற்றுக்கும் முன்மாதிரி. 230 கிரெயின் இராணுவக் குண்டைவிட இதன் பின்னுதைப்பு மென்மையானது. 50 கஜத்துக்கு 185 கிரெயின் உறையிட்ட குண்டையும், 25 கஜத்துக்கு மலிவான ஈயக் குண்டையும் தனித்தனியே நிரப்பிவைத்துக்கொள்வோரும் உண்டு.

இத்தகைய மென்மையான தோட்டாக்களில் அழுத்தம் குறைவு. மெதுவாக எரியும் மருந்து அங்கு முழுதாக எரியாது. வேகம் சுடுதோறும் மாறும். புல்ஸ்ஐ சிறிதளவிலேயே சீராக எரியும். ஒரு பவுண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் தேறும். கரி படிவது அதன் குறை. அதைவிடப் பெரிய குறை, அந்தச் சிறிய அளவு கூட்டின் அடியில் ஒளிந்துகொள்வது. இருமுறை கொட்டினாலும் .38 கூட்டில் இடம் மிஞ்சும்.

துப்பாக்கிகள் வெடித்துச் சிதைந்த நிகழ்வுகள் சிலவற்றுக்குக் குறைந்த அளவு மருந்தே காரணம் என்றும், பெரிய கூட்டுக்குள் பரந்து கிடக்கும் மருந்து ஒரே கணத்தில் வெடிக்கிறது என்றும் ஒரு சாரார் கூறினர். கவனக்குறைவால் இருமுறை கொட்டியதே காரணம் என்பது மறு சாரார் கருத்து. சோதனைக்கூடங்களில் முதற்கருத்தை மெய்ப்பிப்பது கடினமாகவே இருந்துள்ளது. விவாதம் முடிந்ததாகக் கூற முடியாது.

குண்டு வார்க்கும் உலோகத்துக்கும் தனி வரலாறு உண்டு. ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 என்னும் விகிதம் கொண்ட லைனோடைப் அச்சு உலோகம் கடினமானது, அச்சில் நன்றாக நிரம்பக் கூடியது. ஆஃப்செட் முறைக்கு மாறிய நாளிதழ் அச்சகங்கள் கழித்துப்போட்ட எழுத்துவரிகளில் ஒரு பங்கு, இவ்வாறு உருகி இலக்கட்டைகளைத் துளைத்தது. கார்ச் சக்கரங்களைச் சமன்செய்யும் ஈய எடைகளும் பயன்பட்டன.

செயல்முறைப் போட்டிகள்

1976இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியாவில் ஐபிஎஸ்சி என்னும் செயல்முறைத் துப்பாக்கிப் போட்டி அமைப்பு உருவாயிற்று. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். வலுவற்ற தோட்டாவால் வெல்வதைத் தடுக்க ‘ஆற்றல் எண்’ என்னும் விதி வந்தது. குண்டின் கிரெயின் எடையை விநாடிக்கான அடி வேகத்தால் பெருக்கி 1000ஆல் வகுப்பது அதன் கணக்கு. 200 கிரெயின் குண்டு 850 அடி வேகத்தில் சென்றால் 170.

அதுவரை துல்லியத்துக்காகத் தேர்ந்தவர்கள் இனி எண்ணுக்காகவும் தேர்ந்தனர். 1980களில் ராப் லேதம், பிரையன் ஈனஸ் போன்றோர் .38 சூப்பர் துப்பாக்கியின் முனையில் காம்பென்சேட்டர் பொருத்தி வென்றனர். அக்கருவி மேல்நோக்கி வெளியேறும் வாயுவால் முனையைக் கீழே அழுத்துகிறது. வாயு மிகவேண்டின் மருந்து மிகவேண்டும். எனவே இலேசான குண்டும் மெதுவாக எரியும் மருந்தும் விரும்பப்பட்டன. அழுத்தம் தாளாமல் கூடுகள் பிளந்ததும் உண்டு. காம்பென்சேட்டர் இல்லாத பிரிவுகளில் தேர்வு நேர்மாறானது: கனமான குண்டு, விரைந்து எரியும் மருந்து சிறிதளவு. இவ்வாறு நிரப்பியது உண்மையிலேயே மென்மையாக உதைக்கிறதா, அப்படித் தோன்றுகிறதா என்பதில் போட்டியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அண்மைக் காலம்

பின்லாந்தின் விக்டவூரி மருந்துகள் கரி குறைவானவை என்று பெயர் பெற்றன. ஈயக் குண்டுகளுக்குப் பாலிமர் பூச்சு பரவியுள்ளது. 2020க்குப் பின் பிரைமர், மருந்து ஆகியவற்றுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

பழைய கையேடுகளில் காணும் மருந்தளவுகள் இன்றைய கூடுகளுக்கும் மருந்துக்கும் அப்படியே பொருந்தா. உற்பத்தியாளரின் நடப்பு அட்டவணையே கொள்ளத்தக்கது.