பன்றி மூக்கு ஆமை: உள்ளங்கை சைஸ் குட்டி வளர்ந்தா எங்கே வைப்பீங்க?

உள்ளங்கையில் அடங்கும் குட்டி. துடுப்பு மாதிரி கைகளை அசைத்து நீந்தும். முகத்தில் அப்படியே பன்றி மூக்கு. பார்த்தா யாருக்கும் வாங்கத் தோணும். ஆனா வளர்ந்தால் இதன் ஓடு அரை மீட்டரைத் தாண்டும், எடை 20 கிலோவை எட்டும். சிக்கல் அங்கேதான்.

வடக்கு ஆஸ்திரேலியாவும் நியூ கினி தீவின் தென்பகுதியும்தான் இதன் சொந்த ஊர். நன்னீர் ஆமைகளில் கடல் ஆமை போன்ற துடுப்புகள் இருப்பது இதற்கு மட்டும்தான். இதன் குடும்பத்தில் மற்ற எல்லா இனங்களும் அழிந்துவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான்.

மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டி மூச்சு வாங்கிக்கொள்ளும். அத்திப்பழம், இலை, நீர்ச்செடி, நத்தை, இறால் என எதையும் விடாது.

ஆச்சரியம் முட்டையில் இருக்கு. கோடையில் ஆற்று மணலில் இடும் முட்டைக்குள் குஞ்சு முழுசா வளர்ந்த பிறகும் வெளியே வராது. மழைக்காலம் வரை உள்ளேயே காத்திருக்கும். வெள்ளம் ஏறி முட்டை மூழ்கி, ஆக்சிஜன் குறைந்ததும் சட்டென ஓட்டை உடைத்து வெளியே வரும். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சூடு கூடினால் பெண்.

அந்த முட்டைகளைத்தான் மனிதர்கள் தோண்டி எடுக்கிறார்கள். சாப்பிடவும், பொரிக்கவைத்து குட்டிகளை விற்கவும். பப்புவா நியூ கினியின் கிகோரி பகுதியில் 1981-க்குப் பிறகு இதன் எண்ணிக்கை பாதிக்கும் மேல் சரிந்திருக்கிறது. இப்போது அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

சரி, வளர்க்கவே முடியாதா? முடியும், ஆனா சாதாரண கண்ணாடித் தொட்டி போதாது. முட்டையிட மட்டுமே கரையேறும் பிராணி இது. நீந்தித் திரிய குளம் மாதிரி இடம் வேணும். தண்ணீர் 26 முதல் 30 டிகிரி வெப்பத்தில், சுத்தமாக இருக்கணும். ஓட்டின் மேல் கடினமான செதில் இல்லை, வெறும் தோல்தான். அதனால் கூரான கல் கீறினாலே புண்ணாகி, தொற்று வந்துவிடும். ஜோடியா விட்டா ஒன்றை ஒன்று கடித்துக் குதறும்.

வாங்கும் முன் சட்டத்தையும் பாருங்க. 2004-ல் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி, இந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். கடைக்காரரிடம் முதலில் பேப்பரைக் கேளுங்க. ஏற்கெனவே வாங்கி, இடம் பத்தாமல் தவிக்கிறவர்கள் பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விட்டுடாதீங்க. வனத்துறையிடம் பேசுங்க.