கொல்கத்தா புத்தகக் காட்சியில் வங்கதேச இலக்கியம்

கொல்கத்தா பன்னாட்டுப் புத்தகக் காட்சி 1976இல் தொடங்கியது. அதைப் பதிப்பாளர், விற்பனையாளர் கில்டு நடத்துகிறது. ஆண்டுதோறும் ஒரு நாட்டை மையநாடாக அறிவிப்பது வழக்கம். 2013இலும் 2022இலும் அந்த இடம் வங்கதேசத்துக்குக் கிடைத்தது. 2022 காட்சி (பிப்ரவரி 28 – மார்ச் 13) சால்ட்லேக்கில் நடந்தது. வங்கதேச விடுதலையின் பொன்விழாவையும் அந்நாட்டின் நிறுவனத் தலைவர் முஜிபுர் ரகுமான் நூற்றாண்டையும் ஒட்டி அது அமைந்தது.

வங்கதேசத்தார் விருந்தாளிகள் என்றாலும் அயலார் அல்லர். வங்கதேசத்தின் தேசியக் கவி நஸ்ருல் இஸ்லாம் பிறந்தது மேற்கு வங்கத்துச் சுருலியாவில், அடக்கமானது டாக்காவில். வங்கதேசத்துப் பாரிசாலில் பிறந்த கவிஞர் ஜீவனானந்த தாஸ் 1954இல் கொல்கத்தாவில் டிராம் மோதி இறந்தார். வங்கதேச எழுத்தாளர் ஹுமாயூன் அகமது படைத்த ஹிமு, ‘பஞ்சாபி’ எனப்படும் மஞ்சள் நீள்சட்டை அணிந்து வெறுங்காலோடு டாக்கா வீதிகளில் திரிபவன். அவனுக்கு எல்லையின் இருபுறமும் வாசகர் உண்டு.

இலக்கிய உறவு அரசியலுக்குத் தப்புவதில்லை. 2024இல் வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவின் ஆட்சி கவிழ்ந்து இருநாட்டு உறவு கசந்தபின், 2025 காட்சியில் வங்கதேச அரங்கு இடம்பெறவில்லை. 1996க்குப் பிறகு அந்நாடு கலந்துகொள்ளாத முதல் காட்சி அதுவே.