வெள்ளாமை வெட்டும் பழஞ்சோறும்: அம்பாறைக் கரையோரத்தில் உழைப்புக்குப் பிந்திய உணவு

கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய, முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் ஊர்களிலும், தெற்கே திருக்கோவில் பிரதேசத்து வினாயகபுரம் போன்ற தமிழ்க் கிராமங்களிலும், களைத்த உடல் எதை உண்டு தேற வேண்டும் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தவை கிழக்கே கடலில் கரைவலையும் மேற்கே வட்டை எனப்படும் பரந்த வயல்வெளிகளில் வெள்ளாமை எனப்படும் நெற்செய்கையும் ஆகும். வெட்டுக் காலத்தில் விடியுமுன் வயலில் இறங்கியவர்கள், வெயில் ஏறியதும் வாடிக்குத் திரும்பி, முதல்நாள் இரவு நீரூற்றி வைத்த நாட்டரிசிச் சோற்றை உப்பும் எருமைத்தயிரும் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், சுட்ட கருவாடு ஆகியவற்றோடு உண்டுவிட்டு, சிறிது நேரத்திலேயே மீண்டும் குனிந்து வெட்டத் தொடங்கினர்.

இவ்வுணவு ஏன் பலனளித்தது என்பதற்கான விளக்கம் வேறொரு நாட்டிலிருந்து வந்தது. சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 1966 இல் வெளியிட்ட சோதனையில் தம்மையே உட்படுத்தி, ஒரே சைக்கிளின் இருபுறமும் நின்று ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்து, பின்னர் காபோவைதரேற்று மிகுந்த உணவை உண்டபோது, உழைத்த கால் ஓய்ந்திருந்த காலைவிட மிக அதிகமான கிளைக்கோஜனை, அதாவது தசை தன் எரிபொருளாகச் சேமிக்கும் சர்க்கரைத் தொகுப்பை, நிரப்பிக்கொண்டதைக் கண்டனர். உழைப்பு முடிந்தவுடன் உண்பதைவிட இரண்டு மணி நேரம் தாழ்த்தி உண்டால் அந்த நிரப்பல் மந்தமாகிறது என்பதை 1988 இல் ஜோன் ஐவியின் குழு காட்டியது. சில மணி நேரத்தில் மீண்டும் உழைக்க வேண்டியவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 முதல் 1.2 கிராம் வரை காபோவைதரேற்று இன்று பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது மணிக்கு ஏறத்தாழ கால் கிலோ சோறு. வெட்டுக்காரரின் கோப்பையில் அந்த அளவு குறைவின்றி இருந்தது. வியர்வையில் போன உப்பையும் நீரையும் பழஞ்சோறே ஈடுசெய்ய, தசையைச் சீர்ப்படுத்தும் புரதத்தைத் தயிரும் கருவாடும் தந்தன.

ஆயினும் அளவைவிட அரிசியின் தன்மையே முக்கியமானது. நெல்லை அவித்து உலர்த்திக் குற்றிப் புழுங்கலரிசி ஆக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்ற விற்றமின் மணிக்குள் ஊடுருவித் தங்குகிறது. காபோவைதரேற்றைச் சக்தியாக மாற்ற உடலுக்கு இது இன்றியமையாதது. மலாயாவில் தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியதை மருத்துவர் பிராட்டன் 1907 இல் எடுத்துக்காட்டினார். 

கரையோர முஸ்லிம்களின் நோன்புக் கஞ்சியும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது. பகல் முழுதும் ஈரலின் சர்க்கரைச் சேமிப்பு கரைந்த பின், முதலில் ஈத்தம்பழமும் அடுத்து அரிசி, தேங்காய்ப்பால், இறைச்சி சேர்ந்த கஞ்சியும் வருவதால், விரைந்து சேரும் சர்க்கரையை மெதுவாகச் செரிக்கும் உணவு தொடர்கிறது.

இவ்வுணவுகளுக்கு அடிப்படையான அரிசியோ காலப்போக்கில் மாறியது. 1949 இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் வயலுக்கு நீரைப் பெருக்கியது. 1958 இல் வெளியான எச் 4 என்ற புதிய இனம், முருங்கைக்காயன் என்ற பழைய நெல்லின் வழிவந்ததால், விளைச்சலைக் கூட்டியபோதும் சிவப்பரிசியாகவே நின்றது. பெரிய மாற்றம் ஆலையில் மிகையாகத் தீட்டிய வெள்ளையரிசியோடும், 1980 இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பிறீமா ஆலையின் கோதுமை மாவோடும் வந்தது; தவிடு நீங்கிய அரிசியும் பராட்டாவும் வயிற்றை நிரப்பினாலும், நாட்டரிசி தந்த விற்றமினையும் நார்ச்சத்தையும் அதே அளவில் தருவதில்லை.

பின்னர் அறுவடை இயந்திரம் வெட்டையும் சூடுமிதிப்பையும் ஒருசேர எடுத்துக்கொண்டு, வயலின் உடலுழைப்பைக் குறைத்தது. கரைவலை இழுப்பவருக்கும், மாலையில் உதைபந்தாடும் இளைஞருக்கும், சிவப்பரிசிச் சோறோ பிட்டோ தயிரோடும் வாழைப்பழத்தோடும் பழைய அளவிலேயே இன்றும் பொருந்தும். இயந்திரத்தின் அருகே நின்று நெல்மூட்டைகளை எண்ணுபவரின் தசையில் நிரப்ப வேண்டிய வெற்றிடம் குறைவாதலால், அவருக்கு அதே அரிசி குறைந்த அளவே போதும்.