சனிக்கிழமை வந்ததும் போனதும்

சனிக்கிழமையும் அரை நாள் அலுவலகம் போய், மதியத்திற்கு மேல் வீடு திரும்பிய காலம் ஒன்று இருந்தது. இப்போது வேலைக்குச் சேரும் இளையர்கள் பலருக்கு அது தெரியாது. சிங்கப்பூரில் பிரதமர் லீ சியன் லூங், 2004 ஆகஸ்டில் தமது முதல் தேசிய தினப் பேரணி உரையில், அரசாங்க ஊழியர்களுக்கு ஐந்து நாள் வேலை வாரத்தை அறிவித்தார். மலேசியாவில், அப்துல்லா அகமட் படாவி பிரதமராக இருந்தபோது, 2005 ஜூலை முதல் தேதி அது நடப்புக்கு வந்தது. குடும்பத்தோடு இருக்க நேரம் வேண்டும் என்பதே நோக்கம். அந்த நேரம் இனாமாகவும் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் வாரத்திற்கு 42 மணி நேரம் என்ற கணக்கு மாறவில்லை. சனிக்கிழமை வேலை மற்ற ஐந்து நாள்களில் சேர்ந்துகொண்டது.

அந்த ஆண்டுகளில் முதலாளிகளின் கவலை வேறாக இருந்தது. 2002இல் தோன்றிய ஃபிரெண்ட்ஸ்டர் இவ்வட்டார இளையர்களைப் பெரிதும் ஈர்த்தது. (2009இல் ஒரு மலேசிய நிறுவனமே அதை வாங்கியது. அதற்குள் உறுப்பினர்களில் பலர் ஃபேஸ்புக்கிற்குப் போய்விட்டனர்.) வேலை நேரத்தில் ஊழியர்கள் நண்பர்களோடு அளவளாவுகிறார்கள் என்று பல நிறுவனங்கள் அலுவலகக் கணினிகளில் இத்தகைய தளங்களைத் தடை செய்தன. சம்பளம் கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டுதான்.

ஆனால், ஊழியரின் நேரத்திற்குள் அலுவலகம் நுழைந்தபோது தடை போட ஆளில்லை. முதலில் வந்தது பிளாக்பெர்ரி. 1999இல் அறிமுகமான அக்கருவி மின்னஞ்சலைச் சட்டைப் பையில் கொண்டுவந்து வைத்தது. போதைப்பொருள் ஒன்றின் பெயரைச் சேர்த்து மக்கள் அதற்குச் சூட்டிய பட்டப்பெயரை, 2006இல் அமெரிக்க அகராதி ஒன்று ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. எனினும், அது பெரும்பாலும் அதிகாரிகளின் தொல்லையாகவே இருந்தது. 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப்தான் அதைக் குமாஸ்தா வரை கொண்டுசென்றது. சித்தி வீட்டுத் திருமணப் படங்கள் வரும் அதே திரையில் இலாகா குழுவின் செய்தியும் வந்தது. 2014 நவம்பரில் நீலக் குறிகள் அறிமுகமாயின. செய்தியைப் பார்க்கவில்லை என்று மேலதிகாரியிடம் சாக்குச் சொல்வதும் கடினமானது.

சட்டம் இன்னும் மணிக்கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறது. மலேசியாவின் 1955 வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் வாரத்திற்கு 48 மணி நேரம் என்பது 45 ஆனது. நீக்குப்போக்கான வேலை நேரம் கேட்டு எழுதினால், முதலாளி 60 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். இரவு பத்து மணிக்கு வரும் செய்திக்குப் பதில் எழுதும் பத்து நிமிடத்தைப் பற்றி அத்திருத்தத்தில் பேச்சில்லை. சிங்கப்பூரில் 2020 நவம்பரில் வெளியான முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு அதைத் தொட்டது; வேலை நேரத்திற்குப் பிந்திய தொடர்புகளுக்கு நிறுவனங்கள் ஒரு கொள்கை வகுக்கலாம் என்றது. ஆலோசனைதான், கட்டாயம் அல்ல.

ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனத்தில் ஊழியர் மன்றம் 2011இல் நேரான வழியைக் கண்டது. குறிப்பிட்ட ஊழியர்களுக்கு, வேலை முடிந்த அரை மணி நேரத்தில் பிளாக்பெர்ரிக்கு மின்னஞ்சல் அனுப்புவதைக் கணினியே நிறுத்திவிடும். மறுநாள் வேலை தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான் மீண்டும் அனுப்பும். யாரும் யாரையும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பிரான்சில் 2017 ஜனவரி முதல், பெரிய நிறுவனங்கள் இதுபற்றி ஊழியர்களோடு பேசித் தீர்க்கவேண்டும் என்று சட்டமே வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரத்திற்குப் பின் வரும் செய்தியைப் படிக்காமலும் பதில் சொல்லாமலும் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு. மறுப்பு நியாயமற்றதாக மட்டும் இருக்கக்கூடாது. சிறு நிறுவனங்களின் ஊழியர்களுக்கு அந்த உரிமை ஓராண்டு கழித்துக் கிடைத்தது.